ஆறு காதுப் பெட்டி

இந்த சோபா நம்மள விடாது போலருக்கு. உக்காந்தப்ப உள்ள போனவ போயிக்கிட்டே இருக்கேன், மாவுல கரண்டி இறங்குற மாதிரி, இனிமே எந்திரிக்கணும்னா ரெண்டு பேரு வந்து கையப் புடிச்சு இழுக்கணும், இழுக்கட்டும், நமக்கென்ன அவசரம், ஏசிக் காத்து கழுத்துல ஜிலுஜிலுன்னு விழுது, வெளிய தில்லைநகர் ரோட்டுல வெயிலு மண்டையப் பொளக்குது, இங்க கண்ணாடிக் கதவ சாத்துனதும் ரோடே ஊமையாயிருச்சு, பஸ்ஸு போவுது, ஆட்டோ போவுது, ஒருத்தன் வாயத் தொறந்து எவனையோ திட்டுறான், ஒண்ணும் கேக்கல, மீன் தொட்டிக்குள்ள உக்காந்து ஊரப் பாக்குற மாதிரி இருக்கு. மீனுக்கு இவ்ளோ சொகமா, தெரியாமப் போச்சே, தெரிஞ்சிருந்தா குழம்பு வைக்கறப்ப ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வச்சிருப்பேன். அந்தா நிக்கிறாரு நம்ம டிரைவரு, கைய பின்னாடி கட்டிக்கிட்டு, ஆளு ஒசரம் இருக்குற ஸ்பீக்கரச் சுத்திச் சுத்தி வராரு, டயருல காத்து இருக்கான்னு பாக்குற மாதிரி விரல மடக்கி ஒரு தட்டு தட்டுறாரு. விட்டா குனிஞ்சு அடியில ஆயில் ஒழுகுதான்னு பாப்பாரு. பாத்துட்டாரு. நான் சொல்லல? முப்பது வருஷம் பஸ்ஸு ஓட்டுன ஆளு, எதக் கண்டாலும் அடியில குனிஞ்சு பாப்பாரு, பொண்ணு பாக்க வந்தப்ப என் காலத்தான் மொதல்ல பாத்தாரு, டயரு நல்லாருக்குன்னு முடிவு பண்ணித்தான் சரின்னாரு போலருக்கு. இத நான் எத்தன தடவ சொல்லியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் சிரிப்பாரு. சிரிப்பாருன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். விடு. இப்ப அது எதுக்கு. வந்தது பாட்டுப் பெட்டி வாங்க. வீட்டுல மாவு அரைக்கிற கிரைண்டரு மூணையும் தூக்கி பின் சந்துல வாடகைக்கு எடுத்த ஷெட்டுல போட்டாச்சு, வீடு வெறிச்சுன்னு ஆயிருச்சு, ஓசூர்ல இருக்குற மக போன்ல சொன்னா, அம்மா அப்பாவுக்குப் பாட்டுன்னா உசுரு, ஒயரு கியரு இல்லாத பெட்டி வந்திருக்கு, வாங்கிக் குடு, அவரு போனக் கன்னத்துல ஒட்ட வச்சுக்கிட்டுப் பாட்டு கேக்குறது நல்லாவா இருக்குன்னு. நல்லாத்தான் இல்ல. பல்லு வலிக்காரன் மாதிரி வலது கன்னத்துல போன அமுக்கிக்கிட்டு கண்ண மூடி உக்காந்திருப்பாரு. வலது கன்னத்துல. எப்பவும் வலது கன்னத்துல.

இந்தக் கடைப் பொண்ணு பேரு ஃப்ளோரா, கழுத்துல அட்டை தொங்குது, புதுசாக் கல்யாணம் ஆனவ, மோதிரத்த திருகிக்கிட்டே பேசுறா, நல்ல பொண்ணு, நம்மகிட்ட மாட்டிக்கிட்டா. "அம்மா, ப்ளூடூத்துன்னா உங்க போன்ல இருந்து பாட்டு பெட்டிக்குப் போகும்மா. போன் பக்கத்துலயே இருக்கணும். போன எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனீங்கன்னா விட்டு விட்டுக் கேக்கும், அப்புறம் நின்னுரும்." அப்ப கன்னுக்குட்டி மாதிரி, மாடு பக்கத்துல இருக்குற வரைக்கும்தான். "வைஃபைன்னா பெட்டியே நேரா நெட்டுல இருந்து பாட்ட எடுத்துக்கும்மா. போன் சும்மா ரிமோட்டு மாதிரி. நடுவுல யாராச்சும் உங்களுக்கு போன் பண்ணாலும் பாட்டு நிக்காது." "கண்ணு, எங்களுக்கு யாரு போன் பண்ணப் போறா, மாவு கேட்டு நாலு பேரு பண்ணுவான், அவனுக்கும் பாட்டு போட்டு விடுவோம்." சிரிக்கிறா. சிரிக்கிற பொண்ணுங்களப் பாத்தா எனக்கு வாயி நிக்காது. வீட்டுல வைஃபை இருக்கான்னு கேட்டா, இருக்கு, மக வந்தப்ப போட்டுக் குடுத்துட்டுப் போனா, ஃப்ரிட்ஜ் மேல பச்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டு கெடக்கு, வெள்ளிக்கிழமை அதுக்கும் ஒரு பொட்டு வச்சுருவேன்னு சொன்னேன், அதுக்கும் சிரிச்சா. அப்புறம் ஒரு உருண்டப் பெட்டியக் கொண்டாந்து மடியில வச்சா. இட்லிப் பானை மூடி மாதிரி, சாம்பல் துணி சுத்தி. "இது பேசுனா கேக்கும்மா. இன்ன பாட்டு போடுன்னு சொன்னீங்கன்னா போட்டுரும். நிறுத்துன்னா நிறுத்திரும்." "சொன்னா கேக்குமா? அப்படின்னா எங்க வீட்டுல அது ஒண்ணுதான் சொன்னாக் கேக்குற பொருளு." இதுக்கு அவ விழுந்து விழுந்து சிரிச்சா, பக்கத்துக் கவுண்டர்ல இருந்து ஒருத்தரு எட்டிப் பாத்தாரு. அப்பத்தான் சொன்னா, சாதாரணமாத்தான் சொன்னா, அவளுக்கு என்ன தெரியும். "எந்தப் பக்கம் நின்னு பேசுனாலும் கேக்கும்மா. சுத்தி ஆறு மைக்கு இருக்கு. பாட்டு ஓடிக்கிட்டு இருக்குறப்ப பின்னாடி நின்னு மெதுவாச் சொன்னாக்கூட கேட்டுக்கும்." ஆறு காது. ஒரு இட்லிப் பானை மூடிக்கு ஆறு காது. சாமிக்குக்கூட அவ்ளோ வச்சாங்களோ என்னமோ. நான் அத மடியில வச்சுத் தடவிப் பாக்குறேன், அந்தப் பக்கம் நம்ம டிரைவரு முதுகு தெரியுது, அவரு இடது பக்கம் என்னப் பாத்தாப்ல நிக்குது, ஏங்கன்னு ஒரு தடவ கூப்புட்டேன். சின்னதா. திரும்பல. ஏசி சத்தம்னு வச்சுக்கலாம். கடையில ஆளுங்க பேசுறாங்கன்னு வச்சுக்கலாம். எது வேணாலும் வச்சுக்கலாம், வச்சுக்கத்தானே தெரியும் நமக்கு.

எங்க தெருவுல கேட்டுப் பாருங்க, செங்கமலம் வீட்டுலயா, புருஷன் பொண்டாட்டி எந்நேரமும் சண்டைம்பாங்க. சண்டை ஏது. மூணு கிரைண்டரு ஓடுற வீட்டுல கொஞ்சிக்கிறதுன்னாலும் கத்தித்தான் கொஞ்சணும். சாப்பிட வாங்கன்னு கத்துவேன், வரேன்னு அவரு கத்துவாரு, எதிர்வீட்டுல கதவ சாத்திக்குவாங்க. மெதுவாப் பேசுறதுன்னு ஒண்ணு இருக்குறதே மறந்து போச்சு. கிரைண்டரு ஷெட்டுக்குப் போன அன்னைக்குத்தான் வீடு அப்படியே தண்ணி வடிஞ்ச கொளம் மாதிரி ஆச்சு, பல்லி கத்துறது கேக்குது, ஃப்ரிட்ஜ் மூச்சு விடுறது கேக்குது, நானும் கொரல எறக்கிப் பேசலாமேன்னு, புதுசாக் கல்யாணம் ஆனவ மாதிரி, ஏங்க மீசையில சாம்பாருன்னேன். ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனாரு. சாம்பாரு சாயங்காலம் வரைக்கும் மீசையிலயே இருந்துச்சு. செல்லமா இருக்காருன்னு நெனச்சேன். அப்புறம் அந்தக் கொடை. அதுதான் தொண்டையில மீன் முள்ளு மாதிரி நிக்குது, முழுங்குனாலும் போவல, துப்புனாலும் வரல. சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் பைய எடுத்து மாட்டுறேன், இவரு நாற்காலியில, நான் வழக்கம் போல இடது பக்கம், சும்மா இருக்க முடியாதே நமக்கு, சொன்னேன், "ஏங்க, நான் முக்குக் கடை டெய்லரோட ஓடிப் போறேன்." அந்த டெய்லருக்கு எழுவது வயசு, ஊசியில நூலு கோக்க ஆளு வேணும், அதெல்லாம் ஒரு பக்கம். இவரு பேப்பர்ல இருந்து தலையத் தூக்கல, "சரி, கொடை எடுத்துக்க"ன்னாரு. ஒரு சிரிப்பு வேற. நான் மார்க்கெட்டு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனேன். என்னா பதிலு! இத்தன வருஷத்துல எனக்குச் சமமா ஒரு பதிலு சொன்னாரு பாரு, மனுஷன் தேறிட்டாருன்னு கத்திரிக்காய்க்காரிகிட்ட எல்லாம் சொன்னேன். அவளும் சிரிச்சா. திரும்பி வரப்ப நல்ல மழை. கொடைய விரிச்சேன். விரிச்ச கை அப்படியே நின்னுருச்சு. அவரு நான் சொன்னதக் கேட்டுத்தான் சொன்னாரா? இல்ல, நான் பைய மாட்டுனதப் பாத்தாரு, வானம் இருட்டுனதப் பாத்தாரு, அதனால கொடைன்னாரா? டெய்லரு காதுல விழுந்தானா விழலையா? கேட்டுறலாம். கேட்டா என்ன சொல்லுவாரு, கேட்டுச்சும்பாரு. கேக்காதவங்க அப்படித்தானே சொல்லுவாங்க. அதோட அவரு மூஞ்சி எப்படிப் போவும்னு எனக்குத் தெரியும், பிரேக் புடிக்காத வண்டியில உக்காந்திருக்குற மாதிரி போவும், அத நான் பாக்க மாட்டேன். அதனால கேக்கல. ஒரு மாசமாக் கேக்கல. என் வாயி கேக்காம இருக்குன்னா நெனச்சுப் பாரு.

இவரு ஓட்டுனது தனியாரு பஸ்ஸு, திருச்சிக்கும் துறையூருக்கும். அந்த வண்டியில பாட்டுக்குன்னே கூட்டம் ஏறும், காலேஜ் பொண்ணுங்க முன்னாடி போற வண்டிய விட்டுட்டு இவரு வண்டிக்கு நிக்கும், எந்த ஊருக்கு எந்தப் பாட்டுன்னு இவருக்கு ஒரு கணக்கு, மண்ணச்சநல்லூரு தாண்டுனா சோகப் பாட்டு போட மாட்டாரு, சாப்பாட்டு நேரம், வயிறு நெறைய சாப்புடப் போறவன அழ வைக்கக் கூடாதும்பாரு. கல்யாணம் ஆன புதுசுல என்னையும் ஏத்திக்கிட்டுப் போவாரு, டிரைவருக்கு இடது பக்கம் இஞ்சின் மேல மூடி இருக்கும்ல, அது மேல மெத்தை போட்டு உக்கார வைப்பாரு, அடியில தொடை சுடும், வெக்கத்துல சுடுதா இஞ்சின்ல சுடுதான்னு தெரியாது, நான் பேசிக்கிட்டே வருவேன், அவரு ரோட்டப் பாத்துக்கிட்டு சிரிப்பாரு. இஞ்சினு அந்தப் பக்கம். அது போடுற சத்தம் பூரா இடது காதுல. முப்பது வருஷமும் இடது காதுல. இது ஏன் எனக்கு இத்தன நாளு தோணல, தோணாம எப்படி இருக்கும், நான்தான் தோண விடல. இவரு வண்டி கண்டக்டரு செல்லையா, தன் மக கல்யாணப் பந்தியில உக்காந்து சொன்னாரு, அண்ணனுக்கு இடது பக்கம் விசிலடிச்சா வண்டி நிக்காதுக்கா, வலது பக்கம் வந்து கம்பியத் தட்டணும்னு. பந்தியே சிரிச்சுச்சு, நான்தான் பெருசா சிரிச்சேன், பாயசம் பொறையேறிச்சு. அதுக்கு அடுத்த மாசம் இவரு வண்டிய விட்டாரு. முட்டி வலிக்குது, கிளச்சு மிதிக்க முடியலன்னாரு. முட்டி வலிக்காரரு தெனம் மொட்டை மாடிக்குப் போயி துணி காயப் போடுறாரு. நானும் முட்டின்னுதான் ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன், தைலம் கூட வாங்கித் தேச்சு விட்டேன், நல்லாத் தேஞ்சுச்சு முட்டி. எப்பவும் இடது பக்கமே ஏன் உக்காந்தேன்னா, தாலி கட்டி முடிச்சதும் இடம் மாறி இடப் பக்கம் உக்காரும்மான்னாங்க, உக்காந்தவதான், எந்திரிக்கவே இல்ல. கட்டில்ல இடது பக்கம், சினிமாக் கொட்டாயில இடது பக்கம், சாப்புடறப்ப இடது பக்கம். அப்ப நான் சொன்ன அவ்வளவு கதையும், அவ்வளவு கிண்டலும், ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் காதுகிட்டப் போயி சொன்னதெல்லாம், அதுல சிலது வெளிய சொல்ல முடியாது, அதெல்லாம் எங்க போச்சு? இஞ்சினுக்கா சொன்னேன்? சிரிச்சாரே. என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சாரா? எனக்கு உதடு ஒரு பக்கம் கோணும் சொல்லி முடிக்கறப்ப, மக சொல்லுவா, அம்மா ஜோக்கு முடிஞ்சுருச்சுன்னு உன் உதட்டப் பாத்தாத் தெரியும்னு. அப்படியா? உதட்டப் பாத்தா? பயமா இருக்கு. நெஜமா. நகை தொலஞ்சா தேடலாம், சொன்னது கேக்காமப் போனா எங்க போயித் தேடுறது. சீ, ஏசியில உக்காந்துக்கிட்டு அழுவுறாளாம் ஒருத்தி. மூக்க உறிஞ்சுனா ஃப்ளோரா பாப்பா.

பாத்துட்டா. "ஏசி ஜாஸ்தியாம்மா?" "இல்ல கண்ணு, உன் பெட்டி வெலையக் கேட்டேன்ல, அதான்." இவரு வந்து பக்கத்துல உக்காந்துட்டாரு, எனக்கு வலது பக்கம், அப்படின்னா நான் அவருக்கு இடது பக்கம், பாரு, யாரும் சொல்லல, தானா அமைஞ்சுருது. ஃப்ளோரா ரெண்டு பெட்டிய எடுத்தாந்து ஸ்டூலு மேல வச்சுட்டா, ஆறு காது இல்ல இது, வேற, நீட்டமா இருக்கு. "சார், ஒண்ணா வாங்கலாம், இல்ல ரெண்டா வாங்கி ஜோடி சேத்துரலாம். ஜோடி சேத்தா ஒண்ணு லெப்டு, ஒண்ணு ரைட்டு. பாட்டு பிரிஞ்சு வரும், அவ்ளோ சூப்பரா இருக்கும். நான் ஜோடி சேக்குறதுக்குள்ள ரெண்டு பேரும் இத மாட்டிக் கேளுங்க, எப்படிப் பிரியும்னு தெரியும்." ரெண்டு காதையும் மூடுற ஹெட்போனு ஆளுக்கு ஒண்ணு குடுத்தா, ரெண்டுக்கும் ஒரே பாட்டு, எந்தப் பாட்டு வேணும்னு கேட்டா, இவரு பட்டுன்னு ஒரு பாட்டச் சொன்னாரு, எனக்குத் தெரியும் அதத்தான் சொல்லுவாருன்னு, வண்டி துறையூருல பொறப்பட்டதும் மொதப் பாட்டு அது. ஒத்தப் பெட்டியே போதும்னு சொல்லிரலாமா? சொன்னா ஏன்னு கேப்பாரு. ரெண்டு வாங்குனா பாதிப் பாட்டு கேட்டுக்கிட்டு நல்லாருக்கு நல்லாருக்குன்னு உக்காந்திருப்பாரு, சாவுற வரைக்கும், என் ஜோக்குக்கு உக்காந்திருந்த மாதிரி. மாட்டிக்கிட்டேன். அடேயப்பா. மண்டைக்குள்ள கச்சேரி. மேளம் ஒரு காதுல, பாடுறவங்க நடுவுல நெத்திக்கிட்ட, நான் "ஆத்தாடி!"ன்னு கத்திட்டேன் போலருக்கு, கடையில எல்லாரும் திரும்புறாங்க, எனக்குக் கேக்கலையே நான் கத்துனது. இவரு கண்ண மூடிட்டாரு. தொடையில தாளம். வரப் போவுது, ரெண்டாவது அடி முடிஞ்சதும் ஒரு புல்லாங்குழலு வரும், வண்டி ஓட்டுறப்பவே ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரல மட்டும் தூக்குவாரு, இப்ப பாருன்னு, தூக்குனதும் குழலு வந்துரும், இவரு கூப்புட்டு வந்த மாதிரி. பஸ்ஸுல இவரு தலைக்கு மேல வலது ஜன்னல் ஓரமா ஒரு ஸ்பீக்கரு இருந்துச்சு, ஒத்த ஸ்பீக்கரு, எல்லாம் அதுலதான் வரும். இந்தா தூக்கிட்டாரு. குழலு வந்துருச்சு. எனக்கு இடது காதுல, இடது காதுல மட்டும், மாவு மேல பாலு ஊத்துன மாதிரி வழுக்கிக்கிட்டு வருது. அவரு விரலு நிக்குது. குழலு மேல போவுது, கீழ வருது, சுத்துது, விரலு அப்படியே நிக்குது, இன்னும் வரலியேன்னு, புருவம் லேசா சுருங்குது. குழலு முடிஞ்சு பாட்டு ஆரம்பிச்சுருச்சு. விரலு மெதுவா எறங்குது. தொடைக்கு வந்து தாளத்துல சேந்துக்கிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி.

கண்ணத் தொறந்தாரு. நான் பாத்துக்கிட்டு இருந்ததப் பாத்துட்டாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கலாம்னு நெனச்சேன், சோபா விடல. காதுல இருக்குறதக் கழட்டுனாரு, நானும் கழட்டுனேன், திரும்ப ஏசி சத்தம். "சார் எப்படி இருந்துச்சு?"ங்குறா ஃப்ளோரா. நல்லாருக்குன்னு சொல்லப் போறாரு. சொல்லட்டும், நானும் ஆமாம்பேன், ரெண்டு பெட்டியும் கட்டச் சொல்லிட்டு ஆட்டோ புடிச்சிருவோம். "குழலு வந்துச்சா?"ன்னு என்னக் கேக்குறாரு. "வந்துச்சு." "எந்தப் பக்கம்?" சொல்லணுமா? இடது கைய மட்டும் தூக்கிக் காட்டுனேன். தலைய ஆட்டுனாரு, தெரிஞ்ச விஷயத்த சரி பாத்துக்குற மாதிரி, அப்புறம் சோபாவுல அவருக்கு வலது பக்கம் இருந்த எடத்தத் தட்டுனாரு. "இங்கிட்டு வா செங்கு. அங்கிட்டு இன்னும் இஞ்சினு ஓடிக்கிட்டுதான் இருக்கு. நிறுத்த முடியல." அவ்வளவுதான் சொன்னாரு. பிரேக் புடிக்காத மூஞ்சி எல்லாம் இல்ல, வண்டிய டிப்போவுல விட்டுட்டு வந்து காலக் கழுவுறப்ப ஒரு மூஞ்சி இருக்கும் பாரு, அது. எந்திரிக்கப் பாத்தேன், முடியல, ஃப்ளோரா ஒரு கை, இவரு ஒரு கை, இழுத்து நிறுத்துனாங்க, சுத்திப் போயி வலது பக்கம் உக்காந்தேன். புதுசா இருக்கு. இந்தப் பக்கம் இவரு காதுல ஒரு மச்சம் இருக்கு, எனக்குத் தெரியவே தெரியாது, இத்தன வருஷம் யாரு வீட்டு மச்சமோன்னு கெடந்திருக்கு. "அன்னைக்குக் கொடைன்னீங்களே, நான் சொன்னது கேட்டுச்சா?" "எங்க கேட்டுச்சு. பைய மாட்டுன. வானம் இருட்டுச்சு. உதடு கோணுச்சு. சரி, என்னமோ பெருசா சொல்லியிருக்கான்னு சிரிச்சு வச்சேன்." "எத்தன வருஷமா?" "சிரிக்கிறதா? பாதி கேட்டுத்தான் சிரிச்சேன். மீதி கடனுக்கு." இது என்னா வாயி! இவருகிட்ட இருந்தா! ஃப்ளோரா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குறா, மோதிரத்தத் திருகுறா. "சார், அப்ப ஜோடி சேத்துரவா?" "ரெண்டையும் குடும்மா. ஆனா பிரிக்காத. ரெண்டும் முழுப் பாட்டு பாடணும். ஒண்ணு எனக்கு நாற்காலிக்கு வலது பக்கம், ஒண்ணு இவளுக்கு அடுப்படியில. முடியுமா?" "முடியும் சார், செட்டிங்ல மாத்திரலாம்." "மாத்தும்மா." சாஞ்சு உக்காந்து கண்ண மூடிக்கிட்டாரு. "அன்னைக்கு என்ன சொன்ன? இப்பச் சொல்லு." கடையில வச்சா? சொன்னேன். மச்சத்துக்கிட்டப் போயி, கொரல எறக்கி, எனக்கே கேட்டும் கேக்காத மாதிரி, முக்குக் கடை டெய்லரோட ஓடிப் போறேங்கன்னு. உதட்டக் கோணாம அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு. கண்ணத் தொறக்கல மனுஷன். மொதல்ல வயிறு குலுங்குச்சு, அப்புறம் தோளு, அப்புறம் சோபாவே ஆட ஆரம்பிச்சுச்சு, எனக்கும் சேந்து ஆடுது, வெளிய கண்ணாடிக்கு அந்தாண்ட வெயிலு தீயா எரிஞ்சுக்கிட்டு இருக்கு, ஒரு மேகம் கெடையாது. கண்ண மூடுனபடியே சொல்றாரு, "சரி, கொடை எடுத்துக்க."